ஏழெட்டு எத்தனை?

"ஏழெட்டு எத்தனை?"

"ஐம்பத்தி நாலு."

டேரில் ஸ்டியரிங்கை ஓங்கித் தட்டினான். "நேத்தும் இதையேதான் சொன்னே, ஹேட்டி."

ட்ரக்கின் முன்சீட்டில் மூன்று பேர். நடுவில் ஒன்பது வயது மகள் ஹேட்டி. ஜன்னலோரம் மனைவி கொரின். மகள் படிக்கும் பள்ளிக்கூடத்துச் சமையலறையில்தான் அவளுக்கு வேலை. துலூத் நகரில் பனி கொட்ட ஆரம்பித்ததிலிருந்து தினமும் காலையில் இந்தக் கூத்துதான்.

"ஏழு நாலு இருபத்தெட்டு. அதை ரெட்டிச்சா ஐம்பத்தாறு. அவ்வளவுதான். சரி, ஆறு ஒன்பது?"

"நாப்பத்தெட்டு?"

"இல்லை. ஆறு பத்து அறுபது. அதுல..." டேரில் விரலை மடக்கினான். உதடு முணுமுணுத்தது. "அதுல ஒரு ஆறு போச்சுன்னா ஐம்பத்தி நாலு."

கொரினுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சனிக்கிழமை பரீட்சை உனக்கா, அவளுக்கா? ரெண்டு தடவை கோட்டை விட்டாச்சு. புத்தகத்தைத் திறந்தா பத்து நிமிஷத்துல மூடிடறே. இங்க குழந்தையைப் போட்டு வறுக்கறே."

எலெக்ட்ரீஷியன் பயிற்சிக்கான நுழைவுத் தேர்வு அது. கால்குலேட்டர் கூடாது. இந்தத் தடவையும் தவறினால் மறுபடி கூரை வேலைதான். போன வருஷம் உறைபனியில் வழுக்கி விழுந்து மூன்று விலா எலும்பு போனது.

"என் பொழைப்பு எப்படியோ போகட்டும். இவ என்னை மாதிரி முழிக்கக் கூடாது," என்றான் டேரில். "எட்டு ஒன்பது?"

ஹேட்டி அதையும் தப்பாகச் சொன்னாள்.

கொரினுக்கு வேறு கவலை. வெள்ளிக்கிழமை வகுப்பில் ஐஸ்கிரீம் விருந்து. இரண்டாம் வாய்ப்பாடு ஒப்பித்தால் கிண்ணம், மூன்றாவதற்கு ஸ்பூன், நாலாவதற்குத்தான் ஐஸ்கிரீம். இப்படியே ஏறி ஏறி, பன்னிரண்டாம் வாய்ப்பாட்டுக்கு உச்சியில் ஒரு செர்ரிப்பழம். எல்லாரும் சாப்பிட, தன் மகள் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டுமே என்று நினைக்க மனசு ஆறவில்லை.

மதியம் சாப்பாட்டு வரிசையில் வந்த ஹேட்டியின் வகுப்பு டீச்சர் மிஸ் ஹாகனை நிறுத்தினாள். "டீச்சர், ஹேட்டிக்கு வாய்ப்பாடு வரலைதான். அதுக்காக வெறும் கிண்ணத்தைக் குடுத்துடாதீங்க."

டீச்சர் விழித்தாள். "யாருக்கு வரலை? அக்டோபர்லயே பன்னிரண்டு வரைக்கும் முடிச்சுட்டாளே. கிளாஸ்லயே முதல் செர்ரி அவளுக்குத்தான்."

கொரினுக்குக் கரண்டி கையிலேயே நின்றது. பள்ளி விட்டதும் மகளைப் பிடித்துக்கொண்டாள்.

"எல்லாம் தெரிஞ்சுக்கிட்டு எதுக்குடி தினம் திட்டு வாங்கறே? அப்பாவுக்குப் பரீட்சை நேரம். அவரோட விளையாடறியா?"

ஹேட்டி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"சத்தம் போடாதேம்மா. அவருக்கு ஒன்பதாம் வாய்ப்பாடு இன்னும் பாக்கி இருக்கு. நான் சரியாச் சொன்னா அப்பா அடுத்ததுக்குப் போயிடுவார். தப்பாச் சொன்னாத்தான் அவரே போட்டுப் பார்ப்பார்."