கடலைக்கு அடியில் பலகை

வெள்ளம் வடிந்தபோது அணிலின் கடலைக் கடை இருந்த இடத்தில் சேறுதான் மிச்சம். கடை இழந்தவர்களுக்கு மண்டல அலுவலகம் உதவித்தொகை தருகிறது என்று கேள்விப்பட்டு, அணிலும் மனு கொடுத்தது.

பதினைந்தாம் நாள் இரண்டு எருமைகள் ஒரு பெரிய பலகையைக் கொண்டுவந்து நட்டன. 'மண்டல உதவியால் மீண்டும் எழுந்த கடை' என்று அதில் எழுதியிருந்தது.

"தொகை எங்கேண்ணே?" என்று அணில் கேட்டது.

"முதல்ல பலகை. தொகை பின்னால வரும்" என்றது மூத்த எருமை.

ஒரு மாதம் போயிற்று. தொகை வரவில்லை. அணில் பலகையைப் பிடுங்கி, நாலு செங்கல் மேல் படுக்க வைத்தது. தன் சாப்பாட்டுக்கென்று பொந்தில் வைத்திருந்த கடலையை வறுத்து, அதன்மேல் குவித்து விற்க ஆரம்பித்தது. கூட்டமும் வந்தது.

அடுத்த வாரம் ஆமை அதிகாரி ஆய்வுக்கு வந்தார்.

"பலகை எங்கே?"

"கடலைக்கு அடியில இருக்கு சார்."

"எழுத்து வெளியில தெரியணும்ப்பா. தெரிஞ்சாத்தான் தொகைக்கு நான் கையெழுத்துப் போட முடியும்."

அணில் ஒரு பொட்டலம் மடித்து நீட்டியது.

"பத்து ரூபா சார். எல்லாம் வித்துத் தீர்ந்ததும் எழுத்து தானா தெரியும்."