ஆறாவது தடவை

“நம்ம நிரந்தரம் வந்தாச்சு.”

லைசென்ஸ் ஆபீஸ் கிளார்க் பக்கத்து மேஜைக்காரரிடம் சொன்னது அவள் காதில் நன்றாகவே விழுந்தது. டிரைவிங் டெஸ்ட்டில் ஐந்து தடவை ஃபெயிலானவளுக்கு அந்த ஆபீஸ் சூட்டியிருந்த பட்டப்பெயர் அது.

“ஆமாங்க, வந்துட்டேன். ஃபாரத்தைக் குடுங்க,” என்றாள்.

பள்ளிக்கூட வேனில் குழந்தைகளை ஏற்றி இறக்குவது அவள் வேலை. வேனை ஓட்டும் டிரைவர் அண்ணன் ஓய்வு பெறப் போகிறார்.

“திங்கட்கிழமைக்குள்ள லைசென்ஸோட வந்தா அந்த வேலை உனக்கு. இல்லேன்னா வேற ஆளைப் போட்டுடுவேன்,” என்று தலைமையாசிரியை கறாராகச் சொல்லிவிட்டார்.

ஃபாரத்தோடு வெளியே வந்தவளை ஏஜெண்ட் வழிமறித்தான்.

“ஏன்க்கா இப்படி அலையறீங்க? ஒரு கவர் குடுத்தா, இன்ஸ்பெக்டர் ரிவர்ஸ் கியர் எங்கே இருக்குன்னுகூடக் கேக்க மாட்டாரு.”

“அது எங்கே இருக்குன்னுதான் எனக்குத் தெரியுமேப்பா. அப்புறம் எதுக்குக் கவர்?”

“வீம்பு பிடிக்காதீங்க. அங்கே பாருங்க.”

பார்த்தாள். ஒருவர் காரைக் கிளப்பி, நாலடி நகர்த்தி, நிறுத்தி, பாஸாகி இறங்கிப் போய்க்கொண்டிருந்தார்.

காலையில் வீட்டுக்காரரும் இதையேதான் சொன்னார். “ஊரே அப்படித்தான் வாங்குது. நீ மட்டும் ஏன் தலைகீழா நின்னு தண்ணி குடிக்கிறே?”

“வாங்கறவங்க வாங்கட்டும். என் முதுகுக்குப் பின்னால பதினாறு குழந்தைங்க உட்காரும்.”

முதல் தடவை, கண்ணாடியைப் பார்க்கவில்லை என்று ஃபெயில். அடுத்த தடவை பின் சக்கரம் கோட்டைத் தொட்டுவிட்டது. மேட்டில் வேன் ஒரு சாண் பின்னால் வந்ததற்கு ஒன்று, ஹேண்ட் பிரேக்கை மறந்ததற்கு ஒன்று. போன தடவை, சிக்னல் போட்டது லேட்டாம்.

ஒவ்வொரு தடவையும் அழுகையை அடக்கிக்கொண்டுதான் வீடு திரும்புவாள். மறுநாள் விடிந்ததும் பள்ளி மைதானத்தில் காலி பெயிண்ட் டப்பாக்களை வரிசையாக நிறுத்துவாள். டிரைவர் அண்ணனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, எதில் கோட்டை விட்டாளோ அதையே நூறு தரம் செய்து பார்ப்பாள். முதல் மாதம் நசுங்காத டப்பா கிடையாது. இப்போது ஒன்றில்கூடக் கீறல் விழுவதில்லை.

அவள் முறை வந்ததும் இன்ஸ்பெக்டர் பள்ளி வேனில் ஏறினார்.

மேடு, இறக்கம், குறுக்குச் சந்தில் ரிவர்ஸ் என்று முக்கால் மணி நேரம் பிழிந்தெடுத்தார். கடைசியில் ஃபாரத்தில் ‘பாஸ்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

அவள் சிரிக்கவில்லை.

“ஒண்ணு கேக்கணும் சார். மத்தவங்களுக்கெல்லாம் நாலடி நகர்த்தினா போதும். எனக்கு மட்டும் ஏன் இந்தப் பாடு? கவர் குடுக்காததாலயா?”

அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“நீங்க கவரோட வந்திருந்தாலும் இதேதாம்மா. முதல் தடவையே உங்க ஃபாரத்தோட பள்ளிக்கூடத்துக் கடிதமும் இருந்துச்சு. பார்த்தேன். உங்க வேன்ல ஜன்னலோரமா தூங்கி வழிஞ்சுக்கிட்டே வருமே ஒரு வாண்டு, அது என் பொண்ணு.”

அந்த வாண்டை அவளுக்கு நன்றாகத் தெரியும். தினமும் அந்தக் குழந்தையைத் தட்டி எழுப்பி இறக்கிவிடுவதே அவள்தான்.

“இனிமே பயமில்லாம அனுப்புவேன்,” என்று சிரித்தார் இன்ஸ்பெக்டர்.

அவள் ஃபாரத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

“நான் ஒழுங்காத்தான் ஓட்டுவேன் சார். நீங்க பாஸ் போட்ட மத்தவங்கெல்லாம் எங்க வேனுக்கு எதிர்லதானே வருவாங்க?”