ஒரு புள்ளிகூடக் குறையவில்லை

"கால்சியம் முந்நூத்தி நாப்பது. போன வாரம் முந்நூத்தி எழுபது. அதுக்கு முந்தின வாரம் நானூறு. இப்படியே போனா கடைசியில என்ன ஆகும்?" என்று பல் டாக்டர் அட்டையை மேஜைமேல் வீசினார். எதிரே நின்றவர் தலையைக் குனிந்துகொண்டார்.

நோயாளி இல்லை அவர், தொட்டிக்காரர். வரவேற்பறையின் சுவர் நீளத்துக்கு இருக்கும் கடல் தொட்டியும் அதிலுள்ள பவளங்களும் நான்கு வருடமாக அவர் பொறுப்பு. பவளம் உடம்பு கட்டுவதே தண்ணீரிலுள்ள கால்சியத்தை வைத்துத்தான். அதனால் வாரம் ஒருமுறை தண்ணீரைச் சோதித்து, அளவை அட்டையில் எழுதி, கால்சியப் பொடியைக் கரைத்துச் சொட்டுச் சொட்டாக விட்டுவிட்டுப் போவார்.

"பவளம் வளர வளரத் தேவை கூடுது டாக்டர். அளவைக் கூட்டிப் போட்டா சரியாயிடும்."

"ஆரம்பிச்சிட்டியா? எப்பப் பாரு இன்னும் போடணும், இன்னும் போடணும்! மருந்து குடுக்கக் குடுக்க வலி ஏறிட்டே போனா, என் பேஷன்ட் என்னைச் சும்மா விடுவானா?"

பல்லும் பவளமும் ஒன்றல்ல என்று ஒரு டாக்டருக்குப் பாடம் எடுக்க முடியுமா?

"நாளையிலேருந்து என் மச்சினன் பாத்துப்பான்" என்றார் டாக்டர். மச்சினன் மீன் கடை திறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அதற்கு முன் செல்போன் கடை, அதற்கு முன் ஜூஸ் கடை. அந்த ஆளுக்குத் தெரியாத தொழிலே கிடையாது, நிலைத்த தொழிலும் கிடையாது.

அந்தப் பவளங்கள் தொட்டிக்காரர் தன் வீட்டுத் தொட்டியிலிருந்து விரல் நுனி அளவு ஒடித்து வந்து ஒட்டியவை. 'பெத்த புள்ளைக்குக்கூட இப்படி அளந்து மருந்து ஊத்தல நீங்க' என்று மனைவி இன்றைக்கும் இடித்துக் காட்டுவாள். இப்போது ஒவ்வொன்றும் இரண்டு கையாலும் அணைக்கிற அளவுக்கு வளர்ந்து, ஊதாவும் பச்சையுமாக நிற்கின்றன.

"வேலை போனாப் போகட்டும் டாக்டர். பவளம் மட்டும் நல்லா இருக்கணும். பொடியை மெதுவா, கொஞ்சம் கொஞ்சமா..."

"அதெல்லாம் அவனுக்குத் தெரியும். நீ கிளம்பு."

மூன்று வாரம் கழித்து வரவேற்பறைப் பெண் போன் செய்தாள். "அண்ணே, டாக்டர் உங்களை வரச் சொன்னாரு." ஏன் என்று அவள் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. திரும்பக் கூப்பிடுகிறார்கள் என்றே நினைத்துக்கொண்டார். இஸ்திரி போட்ட சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு ஓடினார், பாவம்.

கதவைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். தொட்டி பளபளவென்று இருந்தது. கண்ணாடியில் ஒரு பொட்டு அழுக்கு இல்லை. உள்ளே பவளமெல்லாம் பளிச்சென்று வெள்ளை வெளேரென்று நிற்க, நடுவில் இரண்டு மீன்கள் ஓடிப்பிடித்து விளையாடின.

"என்ன, அசந்து போயிட்டியா?" டாக்டர் சிரித்துக்கொண்டே வந்தார். "உன் பக்கெட்டு, குழாய் எல்லாம் மூலையில கிடக்கு. எடுத்துட்டுப் போகச் சொல்லத்தான் கூப்பிட்டேன். வந்தது வந்த, இதையும் பாத்துட்டுப் போ. உன் காலத்துல ஒருநாளாவது இவ்வளவு வெள்ளையா இருந்திருக்கா?"

கன்னம் வீங்கி உட்கார்ந்திருந்த ஒருவர், வாயைத் திறக்க முடியாமல் தலையை மட்டும் ஆட்டி ஆமோதித்தார். வரவேற்பறைப் பெண் கம்ப்யூட்டரில் இல்லாத ஏதோ ஒன்றைத் தேட ஆரம்பித்தாள்.

"சொட்டுச் சொட்டா விட்டு நாலு வருஷம் படம் காட்டினியே? என் மச்சினன் முதல் நாளே முழு டப்பா பொடியையும் ஒரே கொட்டு கொட்டினான். மறுநாளே நானூத்தி முப்பது!" டாக்டர் அட்டையை அவர் மூக்குக்கு நேராக நீட்டினார். "அதுக்கப்புறம் ஒரு சிட்டிகை போடல. மூணு வாரமா ஒரு புள்ளி குறையல. நம்பிக்கை இல்லைன்னா நீயே சோதிச்சுப் பாரு."

தொட்டிக்காரர் சோதனைக் குழாயில் தொட்டித் தண்ணீர் எடுத்தார். சோதனை மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டார். சொட்டின் எண்ணிக்கைதான் கால்சியத்தின் கணக்கு; எண்ணி எண்ணி விட்டதில், தண்ணீரின் ரோஸ் நிறம் சரியாக நானூற்று முப்பதில் நீலமாக மாறியது.

"எவ்வளவு? சத்தமா சொல்லு, எல்லாருக்கும் கேக்கட்டும்."

"நானூத்தி முப்பது டாக்டர்."

"இப்பவாவது ஒத்துக்கறியா?"

தொட்டிக்காரர் கண்ணாடி அருகே குனிந்தார். நடுவிலிருந்த பெரிய பவளத்தையே வெகுநேரம் பார்த்தார். ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன.

"ஒத்துக்கறேன் டாக்டர். இனிமே இது குறையவே குறையாது."

"அப்படி வா வழிக்கு!" என்று டாக்டர் கன்னம் வீங்கியவரைப் பார்த்துக் கண்ணடித்தார்.

தொட்டிக்காரர் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை போய்த் திரும்பினார்.

"கால்சியத்தைச் சாப்பிடறதுக்கு உள்ள ஒரு பவளம்கூட உசுரோட இல்ல."