வேஷம் போட்டு வரும் ஆள்

மருந்துக்கடைப் பயிற்சிக்குப் போய்வந்த முஃபீதா, கடை முதலாளி குத்தாலிங்கத்திடம் சொன்னாள்.

“அண்ணாச்சி, நோயாளி மாதிரி ஆள் அனுப்பிச் சோதிப்பாங்களாம். விசாரிக்காம மாத்திரை குடுத்தா லைசென்ஸ் போயிருமாம்.”

அன்றிலிருந்து அண்ணாச்சிக்கு எல்லார்மீதும் சந்தேகம்.

இளம்பெண் ஒருத்தி இடுப்புவலி மாத்திரை கேட்டாள். அட்டையைக் கையில் எடுத்தவர், கொடுக்காமல் விசாரித்தார்.

“யாருக்கும்மா? வேற மருந்து சாப்பிடுதியா? முழுகாம இருக்கியா?”

அவள் வெட்கப்பட்டாள். “நாள் தள்ளிப் போயிருக்கு, அண்ணாச்சி.”

“அப்போ இது ஆகாது தாயி. மொதல்ல டாக்டரம்மாவப் பாரு.”

அவள் போனதும் அண்ணாச்சி முஃபீதாவிடம் கிசுகிசுத்தார். “இவதான அந்த ஆளு? என்னமா நடிக்கா! நான் பாஸா?”

“அப்படி யாரையும் அனுப்பல, அண்ணாச்சி. நீங்க விசாரிக்கணும்னு நான்தான் சும்மா சொன்னேன்.”

“ஏ பிள்ளே, அப்போ அவ நெசமாவே...?”

கையிலிருந்த அட்டையை அண்ணாச்சி மெல்ல அலமாரியில் திருப்பி வைத்தார்.