சுவருக்கு முன்னால்

கம்பை இறுகப் பிடித்துக்கொண்டு நீச்சல்குளத்தின் விளிம்பில் நின்றாள்.

நீளமான கம்பு. முனையில் ஒரு டென்னிஸ் பந்து. நீந்தி வருகிறவள் சுவரை நெருங்கும்போது அந்தப் பந்தால் தலையில் மெதுவாகத் தட்டவேண்டும். தட்டினால்தான் சுவர் வந்துவிட்டது என்று தெரியும். ஜெசிந்தாவுக்குப் பிறவியிலிருந்தே பார்வை இல்லை.

போன மாதம் இவள் தட்டத் தவறிவிட்டாள்.

தூங்கிவிடவில்லை, செல்போன் பார்க்கவில்லை. இவளும் ஒரு காலத்தில் மாநிலத்துக்காக நீந்தியவள். தோள்பட்டை கெட்டுப்போய், வேறு வழியில்லாமல் கரையேறிப் பயிற்சியாளரானவள். அன்றைக்கு ஜெசிந்தாவின் கை தண்ணீரைப் பிடித்து இழுத்த அழகைப் பார்த்தாள். தன் கையைப் போலவே இருந்தது. ஒரு கணம் இவளும் நீந்திக்கொண்டிருந்தாள். கரையில் கம்போடு யாரும் இல்லை.

சத்தம் கேட்டபிறகுதான் சுவர் ஞாபகம் வந்தது.

தண்ணீரில் ரத்தம். நெற்றியில் தையல். ஜெசிந்தாவின் அம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தூக்கமாவது வந்திருக்கும்.

தையல் பிரித்து இன்றுதான் ஜெசிந்தா திரும்பி வந்திருக்கிறாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை மாநிலப் போட்டி. வேறு யாரையாவது தட்டச் சொல்லட்டுமா என்று இவள் கேட்டுப்பார்த்தாள்.

"நீங்கதான் மிஸ் தட்டணும். எனக்கு உங்க மேல கோவமே இல்ல."

உண்மையாகத்தான் சொன்னாள். பொய் சொல்லத் தெரிந்த பெண் இல்லை அவள்.

ஜெசிந்தா குதித்தாள். நன்றாக வந்தாள். பாதிக் குளம் தாண்டினாள். முக்கால் தாண்டினாள்.

இவள் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. கம்பைத் தாழ்த்தித் தயாராக வைத்திருந்தாள்.

தட்டவேண்டிய இடத்துக்கு வெகு முன்பே ஜெசிந்தாவின் கால்கள் ஓய்ந்தன. ஒரு கை முன்னால் நீண்டு சுவரைத் தேடியது. தடவித் தடவி வந்து சேர்ந்தாள்.

இவள் இன்னொரு முறை நீந்தச் சொன்னாள்.

மறுபடியும் அதே இடம். அதே கை.

"வேகமாத்தான மிஸ் வந்தேன்?"

சிரித்துக்கொண்டே கேட்டாள். கை நீண்டது அவளுக்கே தெரிந்திருக்கவில்லை. அவள் மனசு சமாதானமாகிவிட்டது. உடம்புக்கு யார் சொல்லிப் புரியவைப்பது? இத்தனை வருஷம் நீந்திய இவளுக்கு அது தெரியும்.

"தோளு வலிக்கி. இந்தத் தடவ சுடலைமுத்து அண்ணன் தட்டட்டும்" என்றாள் இவள்.

குளத்துக் காவலுக்கு நிற்கும் சுடலைமுத்துவிடம் கம்பைக் கொடுத்துவிட்டு ஓரமாகப் போய் நின்றாள்.

இந்த முறை கால்கள் ஓயவில்லை. கை முன்னால் நீளவில்லை. பந்து தலையில் படும்வரை ஜெசிந்தா முழு வேகத்தில் வந்தாள்.

சுவரைப் பிடித்துக்கொண்டு தலையைத் தூக்கினாள். மூச்சு வாங்கியது.

"மிஸ்?"

இவள் வாயைத் திறக்கவில்லை. குரலில் எது இருந்தாலும் அந்தப் பெண் கண்டுபிடித்துவிடுவாள்.

விசிலை எடுத்து நீளமாக ஊதினாள்.