ஆட்சேபணை

ஜீப் ஹாரன் கேட்டதும் அச்சன்புதூர் சாவடியில் கூட்டம் கூடிவிட்டது. முதியோர் பென்ஷனுக்கு மனுப் போட்டிருந்த உச்சிமாகாளிக் கிழவியைத் தாசில்தார் ஊர் முன்னால் விசாரித்தார்.

"காப்பாற்றப் பிள்ளைகள் உண்டா?"

"ஒரு பய இருந்தான். சின்னதுல ஓடிப்போனவன் திரும்பவே இல்லய்யா."

"பென்ஷன் கொடுக்க யாருக்காவது ஆட்சேபணை உண்டா?"

ஊரே இல்லையென்று தலையாட்டியது.

"எனக்கு உண்டு சார்" என்றான் ஜீப் டிரைவர். "இவங்களுக்கு மகன் இருக்கான். நல்லாச் சம்பாதிக்கான்."

கிராம முன்சீப் பாய்ந்தார். "ஏலே, நீ வண்டி ஓட்ட வந்தியா, கெழவி கஞ்சில மண்ணள்ளிப் போட வந்தியா?"

"வாய்க்கு வந்ததைச் சொல்லாதே. எங்கே அந்த மகன்?" என்று தாசில்தாரும் அதட்டினார்.

டிரைவர் தொப்பியைக் கழற்றினான்.

"அன்னைக்கு ஓடிப்போன பய நான்தான் சார். இனி எங்கம்மாவுக்கு நான் கஞ்சி ஊத்துதேன்."