முதல் சுற்று

அமெரிக்காவின் ரீனோ நகரில் ஒரு சூதாட்ட விடுதி. மேசைமேல் பந்துகளைக் கோலால் குழிக்குள் தள்ளும் பில்லியர்ட்ஸ் போட்டி; யார் வேண்டுமானாலும் ஆடலாம். நுழைவுக் கட்டணம் குறைவு என்பதால் டெல்மர் வருடா வருடம் வருவான். முதல் சுற்றிலேயே தோற்றுத் திரும்புவான். இந்தத் தடவையும் தோற்றால் கோலைத் தொடுவதே இல்லை என்று முடிவு கட்டியிருந்தான். எட்டு மணி நேரம் கார் ஓட்டி வந்ததில் முதுகு விண்விண் என்று தெறித்தது.

குலுக்கலில் அவனுக்கு எதிராக விழுந்த பெயர் ரோண்டா.

ஆளுக்கு ஆறு ஆட்டம் ஜெயித்திருந்தார்கள். முதலில் ஏழு ஜெயிப்பவருக்கே வெற்றி என்பதால் இதுதான் கடைசி ஆட்டம். ஒரே ஒரு பந்து பாக்கி. அடிக்க வேண்டியது டெல்மர்.

"கை நடுங்குது போல?" என்றாள் ரோண்டா.

"வாயை மூடிட்டு நில்லு."

"நில்லுன்னா நிக்கிறேன். ஆனா இந்த மாதிரிப் பந்தை நீ விட்டுடுவே."

விட்டான். அவள் நிதானமாக அதைக் குழிக்குள் தள்ளினாள்.

டெல்மர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தான்.

"நூத்து முப்பது பேரு வந்திருக்காங்க. அத்தனை பேர்ல நீதானா எனக்கு வந்து வாய்க்கணும்?"

"நானா சீட்டு எடுத்தேன்?"

"எட்டு மணி நேரம் முதுகொடிய ஓட்டிட்டு வந்து, வீட்டு கராஜுல தினம் தோக்குறது போதாதுன்னு, இங்கேயும் பொண்டாட்டிகிட்டயே தோத்தேனே!"